பூசணிக்காய் யார் கொண்டுவந்தது?

பனமலைக் குன்றின்மேல் பல்லவன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலுக்கு வயது சுமார் 1,300. கீழே ஏரிக்கரையில் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓய்வுபெற்ற போதகர். மற்றவர் அவரிடம் பயின்று, திண்டிவனம் பக்கத்துச் சபை ஒன்றில் ஊழியத்துக்கு வந்திருக்கும் சீடர்.

சீடருக்குக் காணிக்கைப் பைதான் கவலை. “ஐயா, சபையில் பாதிப் பேர் நூறுநாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். தாராளமாகக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? ஏழை விதவையின் இரண்டு காசைத்தான் மறுபடி மறுபடி பிரசங்கிக்கிறேன்.”

“மாற்கு 12ஆம் அதிகாரத்தை அந்த இடத்தில் தொடங்காதே தம்பி. அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அதைத் தாண்டிக் காசுக்கு வந்துவிடுவது நமக்கு வசதி.”

“அப்படியானால் பணக்காரரிடம் போகலாமா? ஐடா ஸ்கடர் போனாரே!”

திண்டிவனத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. ஆற்காடு மிஷன் மருத்துவரின் மகள் ஐடா. ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் இறந்தார்கள். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடாவுக்கு, நியூயார்க்கின் ராபர்ட் ஷெல் தம் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது.

“ஷெல் பெரிய மனிதர், மறுக்கவில்லை” என்றார் குரு. “ஆனால் தம் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுத்தார். கரும்பு வெட்டுகிறவருக்கு அதை யார் சொன்னது?”

சீடரிடம் பதில் இல்லை. குரு வடகிழக்குக்குப் போனார். மிசோரம் பிரெஸ்பிட்டீரியன் சபைக் குடும்பங்கள் 1910 முதல் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைக்கின்றன. சோறு பொங்கும் வீடு எதுவும் கொடுக்க இயலாத வீடாகாது. அந்தப் பிடியரிசி இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகிறது. நெல்லைக் கிறிஸ்தவர்களும் 1903இல் வேதநாயகம் அசரியா முதலியோர் முன்னின்று தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் வழியாக, தங்கள் காசில் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதுவரை அயல்நாட்டு உதவியைப் பெற்றுப் பழகிய சபை அது!

“எங்கள் அறுப்பின் பண்டிகையிலும் அரிசி, கோழி, பூசணி எல்லாம் வருகிறதே” என்றார் சீடர். “ஏலத்தில் ஒரு பூசணி ஆயிரம் ரூபாய்க்குப் போனது.”

“ஒலிபெருக்கியில் யார் பெயரைச் சொன்னீர்கள்?”

“ஏலம் எடுத்தவர் பெயரை.”

“தோட்டத்தில் பறித்துச் சுமந்து வந்தவர்?”

சீடர் தலையைச் சொறிந்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்ததோடு தமக்கையும் மனைவியரும், மற்றப் பேரும் கொடுத்ததையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னதைக் குரு நினைவூட்டினார். பேரரசனுக்கு இருந்த அந்தப் பெருந்தன்மை நம் சபைக் கமிட்டிகளுக்கு வருவதில்லை என்பது என் கட்சியும்கூட.

“பணம் எதற்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிய, ஞாயிறுதோறும் வரவு செலவை வாசிக்கிறேன் என்றால் கமிட்டி சும்மா இருக்குமா ஐயா?”

“இருக்காது. எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைப் பவுலே தனியாகக் கையாளவில்லை. பேச்சுக்கு இடம் வரக்கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்தவரைக் கூட வைத்துக்கொண்டார். நீயும் காணிக்கை எண்ணும்போது கமிட்டியாள் ஒருவரோடு நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவரையும் உட்கார வை.”

“அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றால்?”

“காசு எண்ணத் தெரியாதா?”

வருகிற ஞாயிறே தொடங்கிவிடலாம் என்று சீடர் எழுந்தார். கமிட்டிச் செயலாளரிடம் முதலில் போய்ச் சொல்வது யார் என்பதில்தான் இருவருக்கும் இன்னும் உடன்பாடில்லை.