பெட்டியை மாற்று, தம்பி!

நல்ல கிதார் இல்லை, விலை உயர்ந்த ஆம்ப் இல்லை, அதனால்தான் என் வாசிப்பு எடுபடவில்லை என்று புலம்புகிறாயா? போதும், நிறுத்து! உன் 12 அங்குல ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்று. வால்யூமைக் குறைத்து, அதை வெறுமனே நிறுத்தி வைத்து வாசித்துப் பார். அடியோசை காணாமல் போயிருக்கும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எத்தனை ஆயிரம் கொட்டி வாங்கிய ஸ்பீக்கருக்கும் இதே கதிதான். அதற்கு உயிர் கொடுப்பவை நாலு பலகைகள்!

அந்தப் பலகையை அறுக்கிறவன் கையில்தான் ஓசை இருக்கிறது. பின்பக்கத்தைப் பாதி திறந்து விட்டால், பல ஃபெண்டர் ஆம்ப்களில் கேட்கிறோமே, அந்த விரிந்த ஓசை கிடைக்கும். பின்பக்க அலை சுவரில் பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவும். அடியோசை மட்டும் சற்றுத் தளரும். அதே ஸ்பீக்கரை முழுக்க மூடிய பெட்டியில் பூட்டு. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளும். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடித்தால் நெஞ்சில் இடிக்கும்! பைன் பலகை தானும் கொஞ்சம் அதிரும். பிர்ச் பிளைவுட் விறைப்பாக நிற்கும். எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்களை விட்டுத்தள்ளு. உனக்கு எது வேண்டும் என்று முடிவெடுக்கத் துணிவிருக்கிறதா?

மார்ஷல் ஆம்ப்களை உருவாக்கிய ஜிம் மார்ஷலுக்கு அந்தத் துணிவு இருந்தது. 1923இல் லண்டனில் பிறந்தவர். எலும்புக் காசநோயால் சிறுவயதின் பல ஆண்டுகளை மாவுக்கட்டிலேயே கழித்தவர். அவர் கிதார்காரர்கூட இல்லை, டிரம்மர்! 1960களின் தொடக்கத்தில் லண்டனின் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். வந்த பையன்கள் வேறு மாதிரி ஆம்ப் கேட்டார்கள். ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பை முன்மாதிரியாக வைத்து, கடை ஆட்களோடு சேர்ந்து செய்யத் துணிந்தார். பாஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் திறப்பு. மார்ஷலோ நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை மூடிய பெட்டியில் அடைத்தார். ஓசையின் குணமே மாறியது. ராக் இசைக்குத் தோள் கொடுத்தது அந்தப் பெட்டிதான் என்பேன்.

பிறகு தி ஹூ ராக் குழுவின் கிதார்காரர் பீட் டவுன்ஷெண்ட் வந்தார். எட்டு ஸ்பீக்கர்கள் ஒரே பெட்டியில் வேண்டும் என்றார். செய்து கொடுத்தார்கள். சுமக்கிற ஆட்கள் திணறிப் போனார்கள். சரி, நான்கு நான்காக இரண்டு பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று! உலக மேடைகளில் கிதார்காரர்களுக்குப் பின்னால் ஓங்கி நிற்கும் ‘ஸ்டேக்’ இப்படித்தான் வந்தது. கனமாகிவிடுமே என்று அன்றே கைகட்டி நின்றிருந்தால்?

நீ எழுந்திரு. இந்த வாரமே தச்சரிடம் போ. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி செய்யச் சொல். பின்பலகைக்கு ஆணி வேண்டாம், திருகாணி போடு. மூடி வாசி, கழற்றி வாசி, பாதிப் பலகை வைத்து வாசி. உன் காதுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள். பக்கத்தில் நின்று எவன் சிரித்தாலும் சரி, வால்யூமை ஏற்று!