கற்கும் கையும் உறங்கும் உடலும்

1868ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபேர்க் நகரில், அடோல்வ் குஸ்மௌல் என்னும் வைத்தியர் உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் நேரான உலோகக் குழாயொன்றைச் செலுத்திக் காட்டினார். அதனை விழுங்க முன்வந்தவன், வாள் விழுங்கும் வித்தையால் வயிறு வளர்த்தவன். குஸ்மௌலின் பெயரை வைத்திய வரலாறு போற்றுகின்றது; வித்தைக்காரனை நினைப்பவர் சிலரே. கல்விக்கு ஓர் உடல் தேவைப்படும்போது, அவ்வுடல் யாருடையது?

இன்று அக்குழாய் வளைந்து நெளியும். உள்ளிருப்பதைத் திரையிலே காட்டும். அமெரிக்காவில் பொதுச் சத்திரசிகிச்சை பயிலும் இளம் வைத்தியர், ஐந்தாண்டுப் பயிற்சி முடிவதற்குள் இரைப்பைப் பக்கம் 35 முறையும் பெருங்குடலில் 50 முறையும் இச்சோதனையைச் செய்திருக்க வேண்டுமென விதி செய்யப்பட்டது. குடல்நோய் வைத்தியர்களின் சங்கமோ, ஒருவருடைய திறமையை மதிப்பிடத் தொடங்குவதற்கே 130, 140 முறைகள் வேண்டுமென்று நெடுங்காலம் கூறிவந்தது. இவ்வழக்கில் வருமானப் போட்டியும் கலந்துள்ளது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் எண்ணிக்கை எதுவாயினும், ஒவ்வோர் எண்ணும் ஒரு மனிதர்.

பெருங்குடல் நேரான பாதையன்று. தள்ளத் தள்ளக் குழாய் முன்னேறாமற் சுருண்டு குடற்சுவரை இழுக்கும். எப்பொழுது நிறுத்திப் பின்வாங்குவது என்பதைத் தடையை உணரும் கைதான் அறியும். அருகில் நிற்கும் ஆசிரியர் திரையைக் காண்பாரேயன்றி அத்தடையை உணரார். குடல் துளைபடுவது அரிது. துளைபட்டவருக்கு அது அரிதென்பது ஆறுதலாகாது. செயற்கைக் குடலிற் பழகும் இயந்திரங்கள் வந்துள்ளமை நன்றே. எனினும் என்றோ ஒருநாள் இயந்திரத்தை விட்டு மனிதரிடம் வந்தே ஆகவேண்டும்.

அவ்வாறாயின் பயிற்சியே வேண்டாமென்று சொல்வோமா? நெப்ராஸ்காவிலோ வட டக்கோட்டாவிலோ, பெருநகரத்துக்குப் பல மணிநேரத் தொலைவிலுள்ள சிற்றூர் விவசாயிக்குக் குடல்நோய் நிபுணர் எட்டாதவர். ஊர் வைத்தியசாலையின் பொதுச் சத்திரசிகிச்சை வைத்தியரே அவருடைய குடலிலுள்ள கட்டியைப் புற்றாவதற்கு முன் கண்டு அகற்ற வேண்டியவர். அவருடைய கை எங்கோ, யாரோ ஒருவரின் உடலிற் பழகியிருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் போதனா வைத்தியசாலையை விட்டால் வேறு புகலில்லாத ஏழையாக இருந்துவந்தமைதான் எமது மனத்தை உறுத்துகின்றது. பணம் கொடுத்த நோயாளிக்கு மூத்த கை, தரும வார்டுக்குப் பழகும் கை என்னும் பிரிவினை முற்காலத்தில் வெளிப்படையாகவே நிலவியது. இன்று அது வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. வைத்தியசாலைத் தலைவரின் தாயார் மேசையிற் கிடக்கும்போது, குழாயைப் பிடிப்பவர் முதலாண்டு மாணவரா என்று கேட்டுப்பார்த்தால் விடை கிடைக்கும்.

நோயாளிக்குத் தெரிவித்தால் எல்லோரும் மறுத்துவிடுவர் என்பார் சிலர். இது மக்களைப் பற்றிய மிகத் தாழ்ந்த மதிப்பு. முன்பின் அறியாதவருக்கு இரத்தம் கொடுப்பவர், காரணம் விளங்கினால் இதற்கும் இணங்கக்கூடும். அறியாமல் எடுக்கப்பட்டதை மட்டும் கொடை என்று சொல்லாதிருப்போம். 2024 ஏப்ரலிலேதான் அமெரிக்க மத்திய அரசு, மயக்கத்திலுள்ளவரின் அந்தரங்க உறுப்புகளைப் பயிற்சிக்காகச் சோதிப்பதற்கு முன்பே சம்மதம் பெறவேண்டுமென்று வைத்தியசாலைகளுக்குத் தெளிவுறுத்தியது. இத்தனை காலம் இதைச் சொல்லவும் வேண்டியிருந்ததே!

1957இல் மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், தாம் உருவாக்கிய வளையும் குழாயை நோயாளிக்குச் செலுத்துமுன் தமது தொண்டையிலேயே செலுத்திக்கொண்டார். இளம் வைத்தியரிடம் அதனை நாம் கேட்கவில்லை. மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன் நோயாளியின் முகம் பார்த்து, “இது எனது பன்னிரண்டாவது சோதனை, என் ஆசிரியர் அருகிலேயே நிற்பார், வேண்டாமென்றால் அவரே செய்வார்” என்று சொல்லட்டும். அதற்கு அரை நிமிடம் போதும். மறுப்பவருக்குச் சிகிச்சை ஒரு நாளும் பிந்தாதிருக்கட்டும்.