யார் எடுத்த முடிவு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் தா.பழூர் வட்டாரத்தில் வீடுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: பிள்ளையை இனி எதில் சேர்ப்பது? தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம், வடக்கே ஜெயங்கொண்டம், மேற்கே அரியலூரின் சிமெண்டு ஆலைகள், கடவுச்சீட்டு எடுத்தால் வளைகுடா நாடுகள். வழிகள் பல. ஆனால், எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் மாமா இருக்கிறார், பெரியத்தா இருக்கிறார், தொலைபேசியில் துபாயிலிருந்து அண்ணன் பேசுகிறான். நடக்கவேண்டிய பிள்ளை மட்டும் அடுப்பங்கரை வாசலில் நிற்கிறது.

அப்படி நின்ற ஒரு பெண்பிள்ளையை நாம் அறிவோம். நல்ல மதிப்பெண் பெற்றவள். எல்லாம் பேசி முடித்த பிறகு, "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்கப்பட்டது. "நீங்க சொல்றபடியே செய்றேன் அத்தா" என்றாள். கூடியிருந்த நாமெல்லாம் அவளுடைய அடக்கத்தை மெச்சினோம். மூன்றாண்டுகள் சென்றபின், மனம் ஒட்டாத படிப்பைப் பாதியில் விட்டு வீட்டிலிருந்தவள் சொன்னாள்: "அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அதுவரைக்கும் என்கிட்ட யாரும் எதையும் கேட்டதே இல்லையே."

அடக்கம் என்று நாம் மெச்சியது, உண்மையில் பழக்கமின்மை. முடிவெடுப்பதும் நீச்சலைப்போல் பழகி வரவேண்டிய ஒன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அதைப் பள்ளியில் கற்பிக்க இயலுமா? இயலும் என்றே இன்றைய கல்வியாளர்கள் கருதுகின்றனர். 2022 மார்ச் 1ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், எந்தப் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச் செல்லும் என்பதை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எடுத்துரைக்கிறது. மாணவன் ஒன்றைத் தெரிவு செய்தால் அதன் விளைவைத் திரையில் காட்டி, 'இப்போது என்ன செய்வாய்?' என்று மீண்டும் வினவும் கணினிப் பயிற்சிகளும் உலகெங்கும் வகுப்பறைகளுக்குள் வந்துவிட்டன. தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு இவை பெரும் துணை என்பதில் ஐயமில்லை.

கருவி புதிது, கருத்து பழையது. நம் முன்னோர் தரையில் கரிக்கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு அந்த வலிமை இல்லை. ஆயினும், ஒன்றுக்கொன்று அரணாக நின்று இடத்தை அடைத்துக்கொண்டே வந்தால், புலிகள் அசைய வழியின்றி முடங்கும். எங்கே பொறுப்பது, எதை இழந்து எதைக் காப்பது என்பதை அந்த ஆட்டம் ஆடுவோருக்குச் சொல்லாமல் சொல்லித் தருகிறது. அவசரமாக வைத்த ஓர் ஆட்டின் விலை, ஐந்தாறு நகர்த்தலுக்குப் பிறகே தெரியும்.

ஆனால், ஆட்டத்தில் வல்லவர் வாழ்விலும் வல்லவராகிவிடுவாரா? ஆர்மேனியா நாடு 2011இல் தொடக்க வகுப்புகளுக்குச் சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 100 பள்ளிகளில் சதுரங்கம் கற்பித்துச் சோதித்தனர். பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கணக்கிலோ பிற பாடங்களிலோ அதனால் முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்று 2016இல் வெளியான அந்த ஆய்வு கூறிற்று. ஒரு களத்தில் பெற்ற திறன் மறுகளத்துக்குத் தானாக நடந்து போவதில்லை.

காரணம் வெளிப்படை. பலகையில் எல்லாக் காய்களும் கண்முன் இருக்கின்றன. தோற்றால் கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரையலாம். கொள்ளிடக் கரையில் நாற்று விடுகிற உழவருக்கோ வரப்போகும் மழையும் தெரியாது, வெள்ளமும் தெரியாது. அவர் நன்கு ஆய்ந்து எடுத்த முடிவும் நட்டத்தில் முடியலாம். அப்போது முடிவே தவறு என்று சொல்லிவிடலாமா?

உஹது நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. பத்ரில் பங்குபெறாத இளைஞர் பலர் வெளியே சென்று போரிட விழைந்தனர். தம் கருத்தை விடுத்து அவர்கள் கருத்தை ஏற்றார்கள் பெருமானார் (ஸல்). வில்வீரர்கள் நின்ற இடத்தை விட்டு அகன்றதால் பேரிழப்பு நேர்ந்தது. 'இளைஞர் பேச்சைக் கேட்டதால் வந்த வினை' என்று சொல்லி ஆலோசனைக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். ஆனால், அதன்பின் அருளப்பெற்ற ஆல இம்ரான் அத்தியாயமோ அவர்களை மன்னிக்கவும், அவர்களோடு தொடர்ந்து கலந்தாலோசிக்கவும், உறுதி கொண்டபின் இறைவனையே சார்ந்திருக்கவும் பணித்தது. விளைவு கசந்தது என்பதற்காகக் கேட்கும் முறை கைவிடப்படவில்லை.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பிள்ளை பெருநாள் காசில் வாங்கிய கைக்கடிகாரம் பத்து நாளில் நின்றுபோனால், அடுத்த பெருநாளில் காசை நாமே வாங்கி வைத்துக்கொள்கிறோம். அந்தப் பத்து நாளில் பிள்ளை கற்றதைக் கற்காமலே அடித்துவிடுகிறோம். "ஏன் இதை வாங்கினாய்? வேறு எதைப் பார்த்தாய்? மறுமுறை என்ன செய்வாய்?" என்ற மூன்று கேள்விகளைக் கோபமின்றிக் கேட்டிருந்தால் எந்தக் கருவியும் தராத பாடம் அங்கே நடந்திருக்கும்.

பெற்றோரின் அனுபவத்தை ஒதுக்கச் சொல்கிறோமா? இல்லை. ஆகாதவற்றுக்கு வேலி இடுவது பெற்றோர் கடமை. வேலிக்குள் எங்கே நடப்பது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். ஐந்து வயதில் சட்டையின் நிறம், பத்து வயதில் சேமிப்புக் காசு, பன்னிரண்டு வயதில் தோட்டத்தின் ஒரு பாத்தி என்று சிறுகச் சிறுக ஒப்படைத்துவந்தால், பதினைந்தாம் வயதில் பெரிய கேள்வி வரும்போது நாக்குத் தடுமாறாது.

திரையும் பலகையும் எதை எப்படி எண்ணுவது என்று காட்டும். எண்ணியதைச் சொல்லவும், சொன்னதற்குப் பொறுப்பேற்கவும் துணிவு தருவது, வீட்டில் பெரியவர் ஒருவர் பொறுமையோடு காத்திருந்து கேட்கும் அந்தக் கேள்விதான். அந்தப் பெண் அடுத்த கல்வியாண்டில் தானே தெரிந்தெடுத்த படிப்பில் சேர்ந்தாள். இம்முறை அத்தா முதலில் கேட்டார். மற்றவர்கள் பிறகு பேசினோம்.