சூட்டில் தெரியும் குற்றம்



1946 முதல் 1956 வரை இங்கிலாந்து தேசத்துக் கவென்ட்ரி நகரில் பெர்குசன் டி.ஈ. 20 என்னும் சிறு டிராக்டர்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அவற்றில் பெட்ரோலில் ஓடும் பழைய வண்டியை வைத்திருப்போர் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. காலையில் இஞ்சின் சீராய் ஓடும். சற்று நேரம் உழுது சூடேறியபின் இடையிடையே மிஸ் அடித்துத் திணறும். நிறுத்தி ஆறவிட்டால், ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஓடும்.

அவசரக்காரன் கார்புரேட்டரைக் குறைகூறிக் கழற்றுகிறான். பிளக், வயர் யாவையும் ஒரே நாளில் மாற்றுகிறான். கோளாறு நீங்கினாலும் எதனால் நீங்கிற்றென்று அறியான்.

புத்திமானோ வண்டி திணறும் வேளையிலேயே சோதிக்கிறான். முதலில் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் தளர்த்துகிறான். இஞ்சின் தெளிந்தால், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்ததென்று விளங்கும். காற்று உட்புகாவிடில் பெட்ரோல் இறங்காதன்றோ? தெளியாவிட்டால் பிளக்கின் பொறியைப் பார்க்கிறான். அது மெலிந்து மஞ்சளாயிருந்தால், சூட்டில் தளரும் காயிலையோ கண்டென்சரையோ சந்தேகிக்கிறான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கிறான். ஆறின இஞ்சினில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிடும் நாமும் ஆறின இஞ்சினே. அங்கே கோபமில்லை, கடுஞ்சொல்லில்லை. வார நாளில் களைத்து வீடு திரும்பி, சோறு தாமதமாகும்போதுதான் குற்றம் வெளிப்படுகிறது. பிள்ளைகள் பயந்து மூலையில் ஒதுங்குகிறார்கள். நாமோ, கார்புரேட்டரைக் கழற்றினவனைப்போல், மனைவியைக் குறைகூறுகிறோம். பிறகு பாவசங்கீர்த்தனத்தில், "கோபப்பட்டேன், சுவாமி" என்று மொத்தமாய்ச் சொல்லி எழுந்துபோகிறோம். அடுத்த மாதமும் அதே வார்த்தை!

1548-ல் 3-ம் சின்னப்பர் பாப்பானவர் அங்கீகரித்த ஞான அப்பியாசங்களில் அர்ச். இஞ்ஞாசியார் இதற்கு வழி காட்டுகிறார். ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுந்தவுடன் அதை விலக்கத் தீர்மானிக்க வேண்டும். தவறின அக்கணமே மார்பில் கைவைத்து மனஸ்தாபப்பட வேண்டும். மத்தியானமும் இரவும், எத்தனை தடவை விழுந்தோமென்று கோட்டின்மேல் புள்ளியிட்டு, ஒரு நாளை மறுநாளோடு ஒப்பிட வேண்டும்.

குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, இவ்வாரம் ஒரு குற்றத்தை மட்டும் இவ்விதம் கவனியுங்கள். எந்த வேளையில் வருகிறது? பசியினாலா, களைப்பினாலா, கடன் கவலையினாலா? கண்டதை ஒளிக்காமல் குருவிடம் சொல்லுங்கள். பழுது இன்ன இடமென்று அறிந்து காட்டுவது நம் கடமை; அதைக் குணமாக்குவது சர்வேசுரனுடைய வரப்பிரசாதம். அப்போது மூலையில் ஒதுங்கின பிள்ளைகள் தகப்பன் வரும் காலடி கேட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள்.

ஆமென்.