பிரேக் யாருடையது?

ஜி.எஸ்.டி. என்றதும் இப்போது எல்லோருக்கும் வரிதான் ஞாபகம் வருகிறது. 2017-க்கு முன்னால் நம்மவர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் ஒரு ரோடு. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. கிண்டியில் அந்த ரோட்டின் மேலேயே காப்புரிமை அலுவலகத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. புதிதாக ஏதாவது கண்டுபிடித்தவர்கள், கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இவர்களுக்காக வாதாடும் ஏஜெண்டுகள் எல்லோருடைய காகிதங்களும் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

அதே ரோட்டில் தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் தாண்டிப் போனால் திண்டிவனம். பாண்டிச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரியும் ஊர். இன்னும் போனால் விக்கிரவாண்டி டோல்கேட், முண்டியம்பாக்கம், விழுப்புரம். முண்டியம்பாக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கரும்பு டிராக்டர்கள் ஒன்றுக்கும், ஆம்புலன்ஸ்கள் இன்னொன்றுக்கும் போய்க்கொண்டிருக்கும்.

ஒரே சாலை. ஒரு முனையில் பிரேக்கைக் காகிதத்தில் பரிசோதிக்கிறார்கள். மறுமுனையில் மழை பெய்த ராத்திரியில், திடீரென்று குறுக்கே வந்த மாட்டின் முன்னால் பரிசோதனை நடக்கிறது. இரண்டு பரிசோதனைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

எலெக்ட்ரானிக் பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஈர ரோட்டில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது. பழைய பஸ் டிரைவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். புதிதாக வருகிறவனிடம், "அப்படியே மிதிக்காதப்பா, விட்டு விட்டு மிதி" என்பார்கள். ஏ.பி.எஸ். செய்வது இந்த வேலையைத்தான். சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்ஸர் அளக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வால்வைத் திறந்து மூடி, பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டுகிறது. டிரைவர் கால் ஒரு செகண்டுக்கு இரண்டு மூன்று தடவை செய்வதை இது பல தடவை செய்கிறது. பயப்படாமல் செய்கிறது.

இப்போது நீங்கள்தான் பரிசோதகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி இப்படி ஒரு பிரேக் வடிவமைப்பை அனுப்பியிருக்கிறது. சட்டப்படி நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் முக்கியமாக மூன்று. இது புதுசா? ஏற்கெனவே இருப்பதிலிருந்து ஒரு படி மேலே போயிருக்கிறதா, இல்லை, அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் சட்டென்று தோன்றக்கூடியதா? தொழிற்சாலையில் செய்ய முடியுமா?

இரண்டாவது கேள்வியில்தான் தலைவலி. "விட்டு விட்டு மிதி" என்பது விழுப்புரம் டிப்போவில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதைக் கம்பியும் கம்ப்யூட்டருமாக மாற்றினால் அது கண்டுபிடிப்பா? யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்து காட்டும் வழிக்குத்தான் உண்டு. எந்தக் கணத்தில் அழுத்தத்தைக் குறைப்பது, சென்ஸர் பழுதானால் என்ன செய்வது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எப்படிப் பங்கு போடுவது? இவற்றில் யாரும் யோசிக்காத ஒன்றைச் செய்திருந்தால் கொடுக்கலாம். வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம் என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு குறுக்கே நிற்கும். ஆனால் இன்றைக்கு வாஷிங் மெஷினிலிருந்து கார் வரை எல்லாவற்றிலும் புரோகிராம் இருக்கிறது, அதைக் காட்டியே எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது என்ற பொருளில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

கவனித்தீர்களா? "இந்த பிரேக் பத்திரமானதா?" என்பது அந்த மூன்று கேள்விகளில் இல்லை. அதைப் பார்ப்பது காப்புரிமை அலுவலகத்தின் வேலையும் இல்லை. அதற்குப் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று வேறு இடங்கள் இருக்கின்றன. ஒரு பொருளின் மேல் "பேட்டன்ட் பெற்றது" என்று போட்டிருந்தால் அரசாங்கமே தட்டிக்கொடுத்த மாதிரி நமக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. அது தப்பு. மெர்ஸிடிஸ் கம்பெனி 2001-ல் மின்சாரக் கம்பி மூலம் கட்டளை போகும் பிரேக் ஒன்றைக் கொண்டுவந்தது. பிரமாதமான எஞ்ஜினீயரிங். 2004-ல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து அந்த பிரேக்கைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமும் அதே கதை. கொஞ்ச காலத்தில் அதைக் கைவிட்டார்கள். புதுசு வேறு, பத்திரம் வேறு.

சரி, நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இந்த பிரேக் யாருக்குக் கிடைக்கும்? சட்டம் பரிசோதகரை அதைக் கேட்கச் சொல்லவில்லை. காப்புரிமை என்பது 20 வருஷத்துக்கு ஒரு வேலி. நான் சொல்லாமல் நீ செய்யக் கூடாது, விற்கக் கூடாது. அலங்கார விளக்குக்கு இப்படி வேலி போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. உயிர் காக்கும் சாமானுக்குப் போட்டால்? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் டூ வீலரில் போனவர்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவர், "நிற்கும் வித்தை எனக்கு மட்டும்தான் சொந்தம்" என்று சொல்வது தர்மமா?

இதைப் பேசும்போது எல்லோரும் வால்வோவை உதாரணம் காட்டுவார்கள். காட்ட வேண்டிய உதாரணம்தான். 1959-ல் அந்தக் கம்பெனியின் எஞ்ஜினீயர் நில்ஸ் போலின், இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தார். காப்புரிமையும் வாங்கினார்கள். வாங்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள்.

கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டுக் கை தட்டிவிட்டு மற்றவர்களையெல்லாம் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. திண்டிவனத்தில் பாலிடெக்னிக் படித்த ஒரு பையன், மொபெட்டுக்குப் பொருந்தக்கூடிய மலிவான எலெக்ட்ரானிக் பிரேக் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் வளையலை அடகு வைத்துச் செய்தது. அவனிடம் போய், "தம்பி, இது உயிர் காக்கும் சமாச்சாரம், சும்மா கொடுத்துடு" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? வால்வோவிடம் கார் விற்ற பணம் இருந்தது. இவனிடம் இந்த யோசனை மட்டும்தான் இருக்கிறது. தனி ஆட்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் காப்புரிமைக் கட்டணத்தைப் பெரிதும் குறைத்து வைத்திருப்பதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். வேலி இல்லாவிட்டால் பெரிய கம்பெனி ஒரே வாரத்தில் அதைப் பிரித்துப் பார்த்துக் காப்பியடித்துவிடும். இல்லையென்றால் அவன் அதை யாருக்கும் சொல்லாமல் மூடி வைப்பான். காப்புரிமை வேண்டுமென்றால் தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும், அது வெளியிடப்படும், காலம் முடிந்ததும் ஊருக்குச் சொந்தம். ரகசியத்தைக் கொடு, வேலியை வாங்கிக்கொள். இதுதான் பேரம். மோசமான பேரம் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது கொஞ்சம் வருஷக் கணக்கு பார்ப்போம். காரில் இன்று நாம் அறிந்த எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். 1978-ல் பாஷும் மெர்ஸிடிஸும் சேர்ந்து கொண்டுவந்தது. மோட்டார் சைக்கிளில் 1988-ல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்தது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது மாடல் டூ வீலர்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது 2018 ஏப்ரலில். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலில். முப்பது வருஷம்!

இந்த முப்பதில் வேலியின் பங்கு எவ்வளவு? ஆரம்பகால வடிவமைப்புகளின் காப்புரிமையெல்லாம் 2008 வாக்கில் முடிந்திருக்கும். தவிர, காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்தியாவில் வாங்காத காப்புரிமைக்கு இந்தியாவில் வேலியே கிடையாது. அதாவது கதவு திறந்து பத்து வருஷம் கிடந்தது, யாரும் அவசரமாக உள்ளே போகவில்லை. விலை ஏறுமே என்று கம்பெனிகள் யோசித்தன. மைலேஜ் எவ்வளவு என்று கேட்ட நாம், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்கவில்லை. கேட்காததை எந்தக் கடைக்காரன் விற்பான்?

சும்மா கொடுத்த சீட் பெல்ட்டுக்கும் இதே கதிதான். 1959-ல் திறந்துவிட்டார்கள். கட்டாயம் அணிய வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சட்டம் போட்டது 1970-ல். அதற்கும் முன்னால் ரயிலுக்கு வாருங்கள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1869-ல். அதுவரை அமெரிக்காவில் பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் கூரை மேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியாகக் கையால் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்கள். தவறி விழுந்து செத்தவர்கள் ஏராளம். ஏர் பிரேக் கட்டாயம் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது 1893-ல். இருபத்து நாலு வருஷம் கழித்து.

ஆகவே எல்லாப் பழியையும் காப்புரிமை மேல் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கண்டுபிடித்தவன் இருபது வருஷம் வேலி போட்டான் என்றால், அதற்குப் பின்னால் நாம் பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். முன்னதற்குச் சட்டத்தில் ஒரு காரணமாவது இருக்கிறது.

ஆனால் வேலியும் கட்டாயமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது? அங்கேதான் நிஜமான தர்மசங்கடம். 2025-ல் சக்தி குறைந்த வண்டிகள் நீங்கலாக எல்லா டூ வீலருக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. நல்ல எண்ணம். ஆனால் நாளை இன்னும் நல்ல பிரேக் ஒன்று வந்து, அதன் காப்புரிமை ஒரே கம்பெனியிடம் இருந்து, அரசும் அது இல்லாமல் வண்டி விற்கக் கூடாது என்று சொன்னால், பால்காரரும் சித்தாளும் அந்தக் கம்பெனி சொன்ன விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். சட்டமே ஆள் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் கட்சி இது. ஒரு பாதுகாப்புச் சாதனத்தை அரசு கட்டாயமாக்கும் நாளில், அதைக் கண்டுபிடித்தவருக்கு "கூடாது" என்று சொல்லும் உரிமை போக வேண்டும். நியாயமான கூலி வாங்கும் உரிமை இருக்க வேண்டும். திண்டிவனத்துப் பையனுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று போய்ச் சேரட்டும். ஆனால் அதை எந்தக் கம்பெனியும் செய்யலாம்.

இது புரட்சி ஒன்றும் இல்லை. நம் காப்புரிமைச் சட்டத்துக்கு அடிப்படை போட்டுக் கொடுத்தவர் நம் ஊர்க்காரர், நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். அவர் அறிக்கை கொடுத்ததும், போலின் பெல்ட்டை வடிவமைத்த அதே 1959-ல்தான். இந்தியாவில் அப்போது இருந்த காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவருடையவை, இங்கே அந்தப் பொருளைச் செய்வதே இல்லை என்பதை எடுத்துக் காட்டினார். 1970-ல் வந்த சட்டத்தில், மூன்று வருஷமாகியும் மக்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கவில்லை என்றால் வேறொருவருக்குக் கட்டாய உரிமம் தரலாம் என்று இன்றும் வழி இருக்கிறது. 2012-ல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அதைப் பயன்படுத்தி, மாதத்துக்கு 2,80,000 ரூபாய் இருந்த செலவை 8,800 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். ஒரிஜினல் கம்பெனிக்கு ராயல்டியும் உண்டு. நோயாளிக்குச் செய்ததை, நோயே இல்லாமல் நன்றாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கும் செய்யலாம் இல்லையா?

பரிசோதகரை இதிலெல்லாம் இழுக்க வேண்டாம். அவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான், கறார். "விட்டு விட்டு மிதி" என்ற பழைய வித்தைக்குப் புதுச் சட்டை போட்டு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இதில் நமக்கும் பங்கு உண்டு. காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது 25-வது பிரிவு. வக்கீலாக இருக்க வேண்டாம், கம்பெனி வைத்திருக்க வேண்டாம். "சார், இதை நாங்க ரொம்ப நாளா செஞ்சிக்கிட்டு இருக்கோம்" என்று ஆதாரத்தோடு விழுப்புரத்து மெக்கானிக் ஒருவர் எழுதிப் போட்டால், கிண்டியில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும்.

நான்காவது கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த தடவை வண்டி வாங்க ஷோரூமுக்குப் போகும்போது மைலேஜுக்கு முன்னால் பிரேக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பையன் கொஞ்சம் விழிப்பான். பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.