மாட்டுத் தரகருக்கு மட்டுமா பாவம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தன்னை ஆயர்குலப் பெண்ணாக எண்ணித் திருப்பாவையின் 30 பாசுரங்களைப் பாடினாள். அவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கிருந்து பக்கத்து ராஜபாளையம் வரை பக்தியும் பிழைப்பும் பசுவை ஒட்டியவை.

பால் வற்றிய மாடு என்னாகும்? அதைக் கைமாற்றிவிடுபவர் தரகர். பல்லைப் பார்த்து வயது சொல்வார். துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசுவார். விற்கிறவரின் கலங்கிய கண்ணையும் அவர்தான் பார்க்கிறார்.

மாட்டை இறைச்சிக்குக் கைமாற்றும் இத்தொழிலைப் பாவம் என்பவர்கள் உண்டு. உயிர் வணிகம் இல்லறத்தாருக்கு ஆகாது என்றது பௌத்தம். வள்ளுவரோ புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்று பொறுப்பை வாங்குபவர் மேலும் வைத்தார். அதுவே நியாயம்.

2017 மே மாதம், சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்க மத்திய அரசு தடை விதித்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. சட்டம் எப்படியிருந்தாலும், தரகரைப் பழிப்பவர்கள் கறவை நின்ற மாட்டின் தீவனச் செலவை முதலில் ஏற்கட்டும்.