பெரிய டீச்சருக்கு யார் இருக்கிறார்கள்?

“சாப்பிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டால், “ருசி பார்த்தாச்சே” என்று சிரிக்கிறார் ஓசூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர். காலை உணவுத் திட்ட உப்புமாவைப் பரிமாறும் முன் வாயில் போட்டுப் பார்த்தாரே, அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு. கையில் போன், கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு ஏற வேண்டும். வாசலில் ஒடிசாக்காரர் ஒருவர், மகளைச் சேர்க்க வந்து நிற்கிறார். மாற்றுச் சான்றிதழ் கிடையாது. டீச்சருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு மூன்றும் கைகொடுக்கவில்லை. சான்றிதழ் இல்லையென்று பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டமும் விடாது, அவர் மனசும் விடாது.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊருக்கு ஆட்கள் வந்தபடியேதான் இருக்கிறார்கள். அவர்கள் போகும் கம்பெனியில் ஸ்டோருக்கு ஓர் ஆள், டைம் ஆபீஸுக்கு ஓர் ஆள், ஷிப்ட் முடிந்தால் வீடு. பிள்ளைகள் போகும் பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் போதும்; தனியாகத் தலைமை ஆசிரியர் வேண்டுமென்று அது சொல்வது 150-ஐத் தாண்டினால்தான். ஆக, ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியர் பாடமும் நடத்த வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும். எழுத்தர் கிடையாது.

வேலைப் பளுவைக்கூடத் தாங்கிவிடலாம். தனிமைதான் ஆளைத் தின்கிறது என்று நினைக்கிறேன். கூட இருப்பவர் ஒரே ஓர் ஆசிரியை; தோழியும் அவர்தான், லீவு கேட்டு நிற்பவரும் அவர்தான். அவரிடம் எதைச் சொல்லிப் புலம்ப முடியும்? மேலே சொன்னால், “சமாளிக்கத் தெரியலையா?” என்பார்கள். வீட்டில் சொன்னால், “உங்களுக்கென்ன, அரசாங்க வேலை!”

ஆஸ்திரேலியாவில் 2011 முதல் ஆண்டுதோறும் பள்ளி முதல்வர்களின் உடல், மன நலனை ஆராய்கிறார்கள். அங்கேயும் முதலிடத்தில் வரும் குறைகள் இரண்டு: அளவு மீறிய வேலை, கற்றல் கற்பித்தலில் கவனம் வைக்க நேரமின்மை. வசதியான நாட்டிலேயே இந்தக் கதி.

இந்தப் பளுவுக்கும் தனிமைக்கும் மருந்தாக யோகா வகுப்பு நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயிற்சிக்குப் போய்த் திரும்பினால் இரண்டு நாள் பதிவேடு சேர்ந்து கிடக்கும். மூச்சுப் பயிற்சியில் அது கரையாது. நம் பெரிய டீச்சருக்கு வேண்டியது வகுப்பில் நிம்மதியாக உட்காரும் நேரம். ‘அ’ எழுதக் கற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தானே இந்த வேலைக்கு வந்தார்!

ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. சமூகப் பொறுப்பு நிதியில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறீர்கள், ஸ்மார்ட் போர்டு மாட்டுகிறீர்கள், நல்லது. அடுத்த முறை, அக்கம்பக்கத்து நாலு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு கணினி உதவியாளரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கல்வி அலுவலரிடம் கேளுங்கள். போட்டோவுக்கு எடுப்பாக இருக்காதுதான். பெரிய டீச்சர் உட்கார்ந்து சாப்பிடுவார்.